அண்ணியின் லேப்டாப்புக்கு இரண்டு காவலர்கள்

என் அண்ணியை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. முயன்று தோற்றவர்களில் என் அண்ணனும் உண்டு என்பதால் இதைக் கூடுதல் பெருமையோடு சொல்கிறேன்.

அண்ணி வெளிநாட்டுப் படங்களுக்குத் திரையடியில் ஓடும் வசன வரிகளைத் தமிழில் எழுதுகிறார். திரையில் ஒருத்தி உயிருக்குப் பயந்து கதறும்போது, சமையலறையிலிருந்து எங்கள் அம்மா "பால் பொங்குது!" என்று அதைவிடச் சத்தமாகக் கதறினால் வேலை எப்படி ஓடும்? எனவே சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொது நூலகத்துக்குப் போய்விடுவார். அங்கே பிளக் பாயிண்ட் பக்கத்தில் ஒரு நாற்காலி அவருடையது. உலகத்திலேயே அவரை யாரும் எதற்கும் கூப்பிடாத இடம் அதுதான்.

அண்ணனுக்கு அது உறுத்தியது. "ஒரே ஒரு தடவை லேப்டாப் களவு போனா, அதோட நூலகம் கட். வீட்லயே உக்காந்து எழுது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். அண்ணியும் தலையாட்டிவிட்டார். லேப்டாப் போனால் நாற்காலியும் போச்சு.

வேலை செய்யும்போது பையின் வாரைக் காலில் மாட்டிக்கொள்வார். எழுந்தால் திரையைப் பூட்டுவார். எழுதியதற்கெல்லாம் வேறிடத்தில் நகல் உண்டு. லேப்டாப்புக்கு ஏது நகல்? சிக்கல் கழிப்பறைதான். நாமாக இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போவோம். அந்த ஆளே தூக்கிக்கொண்டு போனால்? பரவாயில்லை, மரியாதையாகக் கேட்டோம் என்ற திருப்தியாவது மிஞ்சும்.

அண்ணி வேறு மாதிரி. அவருக்கு இடப்பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வலப்பக்கம் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. வாத்தியாரிடம் குனிந்து, "சார், அந்தப் பக்கம் இருக்கறவர் என் லேப்டாப்பையே பாக்கறார். அவர் மேல ஒரு கண்ணு வைங்க" என்பார். சுற்றி வந்து, வாத்தியாரைப் பற்றி ஏஜென்டிடம் அதையே சொல்வார். பிறகு நிம்மதியாகப் போவார். பெரியவர்கள் இருவரும் செய்தித்தாளுக்கு மேலாக ஒருவரையொருவர் முறைத்தே மாதக்கணக்கில் காவல் காத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் மூன்றாவது ஆளைப் பார்க்க யாரும் இல்லை. ஒருநாள், அண்ணி கழிப்பறைக்குப் போயிருந்த நேரம், அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சார்ஜரைப் பிடுங்கினான். லேப்டாப்பை மடக்கி அக்குளில் வைத்தான். "அக்கா எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

வாத்தியார் துள்ளி எழுந்து அவன் கையைப் பிடித்தார். பேச்சு மட்டும் ஏஜென்டிடம். "உங்க ஆளுதானே இவன்? எனக்கு அப்பவே தெரியும்!"

"என் ஆளா? உங்க கூட்டாளிய வரவெச்சுட்டு எங்கிட்டயே கதை விடறீங்களா?" ஏஜென்ட் இன்னொரு கையைப் பிடித்தார்.

"சார், நான் யாரோட ஆளும் இல்ல சார்!" என்றான் நடுவில் இருந்தவன். அன்று அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். யாரும் நம்பவில்லை.

திரும்பி வந்த அண்ணி, முதலில் லேப்டாப்பை உருவிக்கொண்டார். நூலகக் காவலாளி வந்து அவனை அழைத்துப் போனார். அப்புறம்தான் உண்மையான ரகளை.

"அப்போ இவர் திருடன் இல்லையா?" என்றார் வாத்தியார்.

"நான் திருடனா? உங்களைத்தானே இந்தம்மா எங்கிட்ட அப்படிச் சொன்னாங்க!"

"மன்னிச்சுக்கங்க. நீங்க ரெண்டு பேரும் நல்லவங்கன்னு எனக்கு இப்பத்தானே தெரியும்" என்றார் அண்ணி.

அன்று மாலை அண்ணன் குதித்தான். "நான் சொன்னேன்ல? நாளைலேர்ந்து வீடுதான்."

"களவு போனாத்தானே சொன்னீங்க? போகலையே."

"போகப் பாத்துச்சுல்ல!"

"அதுக்குத் தீர்ப்புல இடமில்லைங்க."

அண்ணன் ஆதரவு தேடி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மறுநாளும் அண்ணி அதே நாற்காலியில். வாத்தியாரும் ஏஜென்டும் எதிர்வரிசைக்கு மாறி, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது இருவருக்கும் அண்ணி மேல்தான் சந்தேகம். அவரிடமிருந்தும் அவர் லேப்டாப்பிலிருந்தும் வைத்த கண் வாங்கவில்லை. அண்ணி திரையைப் பூட்டினார், எழுந்தார், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கழிப்பறைக்குப் போனார்.