சைரன் இல்லாத படம்

இளவரசு ஒலி சேர்த்த அந்தப் பதினோரு நிமிடப் படத்தில் எல்லாச் சத்தமும் உண்டு, சைரன் மட்டும் கிடையாது. கேமரா பிடித்தவன் நான் என்பதால், ஏன் என்று சொல்லும் பொறுப்பு என் தலையில்தான் விழும்.

சிதம்பரத்தில் வேதியியல் படித்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூர் வீட்டின் பின்னறையில் பழைய மெத்தைகளைச் சுவரில் சாத்தி அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்தவன் அவன். கல்யாண வீடியோ என்றால் பாட்டைப் போட்டு மற்ற சத்தத்தையெல்லாம் அமுக்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். இவனோ துல்லியம், துல்லியம் என்று உயிரை வாங்குவான். ஒரு பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தம் சரியாக வரவேண்டுமென்று மூன்று நாள் உட்கார்ந்தான். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்படிப்பட்டவனிடம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து சேர்ந்தது. பக்கத்து ரசாயன ஆலைகளில் வாயு கசிந்தால் என்ன செய்வது என்று குடிகாடு கிராமத்து மக்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும். ஈரத்துணியால் மூக்கை மூடு, காற்றுக்குக் குறுக்கே நட. இவ்வளவுதான் சேதி.

"நெட்ல கெடைக்கிற சைரன் எல்லாம் வெளிநாட்டு போலீஸ் கார் மாதிரி இருக்கு மச்சான். நம்ம ஜனங்க நம்பாது" என்றான் இளவரசு.

ஆலைக்காரர்கள் சைரனை ஊதிப் பார்க்கும் ஒத்திகை நாளன்று தொழிற்பேட்டை ரோட்டில் வெயிலில் நின்று நிஜ சைரனையே பதிவு செய்துவந்தான். அதையும் அப்படியே வைக்கவில்லை. வீடுகளைத் தாண்டி வரும்போது எப்படி மங்கும், சுவரில் பட்டு எப்படித் திரும்பும் என்று ஒரு வாரம் குடைந்தான். ஹெட்போனில் கேட்டவன், ஆலைதான் ஊதுகிறதோ என்று கழற்றிவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பிரமாதம் என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குடிகாட்டுச் சமுதாயக் கூடத்தில் திரையிட்டோம். உள்ளே இரண்டு ஸ்பீக்கர் போதும் என்று இளவரசு சொல்லியிருந்தான். வெளியே குழாய் ஸ்பீக்கர் கட்டாமல் ஒரு விசேஷம் நடந்தால் மைக்செட்காரருக்கு என்ன மரியாதை? தெருவைப் பார்த்து வேப்பமரத்தில் இரண்டு கட்டியிருந்தார். நாங்களும் பார்த்தோம். பழகிய காட்சி என்பதால் ஒன்றும் தோன்றவில்லை.

ஏழாவது நிமிடம் சைரன் வந்தது. படத்தின் பேச்சு தூரத்து வீடுகளுக்கு எட்டவில்லை, சைரன் எட்டியது. குழாய் வழியே அது அச்சு அசல் ஆலைச் சைரனாகவே ஊதியது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். உள்ளே இருந்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே ஊர் ஓடியது.

இளவரசு பாய்ந்து படத்தின் ஒலி ஒயரைப் பிடுங்கினான். மைக்கை வாங்கி, "படத்துல வர்ற சத்தங்க, நெசமில்லீங்க, திரும்பி வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். அரைமணியில் எல்லோரும் வந்துவிட்டார்கள். திட்டினார்கள், வாங்கிக்கொண்டோம். யாருக்கும் அடிபடவில்லை. தைலம்மாள் மட்டும் வரவில்லை.

அவர் அதே ஊரில் இருக்கும் இளவரசுவின் மாமியார். தன் பேச்சை மீறி மகள் மலர்க்கொடி இவனைக் கட்டிக்கொண்டதிலிருந்து மூன்று வருடமாக இவனோடு பேசாதவர். முழங்கால் வலிக்காரர். வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. போன் கட்டில்மேல், செருப்பு வாசலில். முந்திரித் தோப்பு, வாய்க்கால், பஸ் நிறுத்தம் என்று அலைந்தோம். மலர்க்கொடியைக் கூப்பிட்டுச் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை.

"நான் போட்ட சத்தத்துல அவுங்களுக்கு எதாவது ஆயிருந்தா, நான் எப்புடி மச்சான் வீட்டுக்குப் போவேன்?" என்றான்.

ஐந்தரைக்கு மலர்க்கொடியே அழைத்தாள். "அம்மா இங்க வந்திருக்குதுங்க. ஷேர் ஆட்டோ புடிச்சி ஓடியாந்திருக்குது. காத்து டவுன் பக்கந்தான் அடிக்குதாம், என்னையும் பாப்பாவையும் கெளம்பு கெளம்புங்குது."

இளவரசு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அதற்குள் அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"நீங்க ஏன் இன்னும் அங்க நிக்கிறீங்க? மொதல்ல வெளிய வாங்க!"

தைலம்மாளின் குரல்தான். இவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அத்தே, வாயு ஒன்னும் கசியல. அது நான் படத்துக்குப் போட்ட சத்தம். என்ன மன்னிச்சிடுங்க."

"நெசமா ஒன்னும் இல்லியே?"

"சத்தியமா இல்ல அத்தே."

"யாருக்கும் ஒன்னும் ஆவலியே?"

"இல்ல அத்தே."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

"பொய்யாவே இருக்கட்டும் மாப்ள," என்றார். "எப்ப ஊதுனாலும் பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும்."