படகில் வைத்த பரஸ்தானம்

மாட்டுங்காவில் யார் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தாலும் முதலில் வாலாம்பாளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பம்பாயைச் சுற்றிக் காட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் டிராமில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டவள்தான். பத்து வருஷத்தில் அதே டிராம் கண்டக்டரோடு மராத்தியில் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அந்த மராத்தியில் பாதி தமிழ், மீதி கைஜாடை. ஆனால் அவள் பேசுகிற தோரணையில், தனக்குத்தான் மராத்தி போதவில்லையோ என்று எதிராளி சந்தேகப்படுவான். அவள் கணவர் சந்திரமௌலி ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாளே என்று அவருக்கு நிம்மதி.

வருகிறவர்களை அவள் இரண்டு ரகமாகப் பிரித்து வைத்திருந்தாள். பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு மகாலக்ஷ்மி கோயில், மியூசியம், சௌபாத்தி. மனசுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் கராபுரித் தீவு. வெளியூர்க்காரர்கள் எலிபெண்டா என்பார்கள். படகில் ஏறிக் கடலைத் தாண்டினால் பனையும் புளியமரமும் வயலுமாக ஒரு பட்டிக்காடு. பம்பாய்க்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது மாட்டுங்காவில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தாலும் வெயிலுக்குப் பயந்து போகமாட்டார்கள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் தை மாசத்தில் ராஜலக்ஷ்மி வந்தாள். வாலாம்பாளைவிட ஒரு வயசு மூத்தவள், அடுத்த வீட்டில் வளர்ந்த சிநேகிதி. அவள் கணவர் வேங்கடசுப்ரமணியனுக்கு மாட்டுங்காவுக்குப் பக்கத்திலேயே வடாலாவில் ஒரு கம்பெனியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் பதில் எழுத வேண்டும். "ராஜம் சரின்னா சரி, இல்லேன்னா இல்லே" என்று அவர் பாரத்தை இறக்கி வைத்துவிட்டார். ராஜமோ நாலு நாளாக முகம் கொடுக்கவில்லை. சுவரும் சத்தமும்தான் இருக்கிறது, மண் எங்கே என்று கேட்டாள்.

வாலாம்பாளுக்கு அவள் வந்தே ஆகவேண்டும். காரணத்தை ஒளிப்பானேன்? பம்பாயில் அவளுக்குத் தெரியாத வீடு இல்லை, ஆனால் மனசுவிட்டுச் சண்டை போட ஓர் ஆள் இல்லை. மாட்டுங்காவில் எல்லோரும் மரியாதைக்காரர்கள். ஒரு வார்த்தை கூடச் சொன்னால் முகம் சுருங்கி, ஆறு மாசத்துக்கு மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். ராஜத்தோடு காலையில் முட்டிக்கொண்டால் சாயங்காலம் ஒரே முறத்தில் அரிசி பொறுக்கலாம். அப்படி ஒருத்தி இல்லாமல் பத்து வருஷம் ஓட்டியது பெரிய தண்டனை.

ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சாதத்தோடு நாலு பேரும் கிளம்பினார்கள். ராஜம் தன் வெண்கலக் கூஜாவை விடாமல் கையில் வைத்திருந்தாள், ஊரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த கூஜா. படகுக்காரர் சிராஜ் வாலாம்பாளுக்குப் பழக்கம். தீவின் கல்துறையில் இறக்கிவிடும்போதே அவர் எச்சரித்தார்.

"பாயி, கடல் பானி சீக்கிரம் இறங்கிடும். சாயங்காலம் லேட் பண்ணாதீங்க."

"நான் இன்னிக்குத்தான் வரேனா?" என்று வாலாம்பாள் நடையைக் கட்டினாள்.

முதலில் மலையேறி குகை. மூன்று முகத்துச் சிவன் இருட்டிலிருந்து மெல்லத் தெரிய ஆரம்பித்தார். ராஜம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பூஜை கிடையாதா? தீபம் கூட இல்லையேடி."

"அதான் நாலு பேர் வந்திருக்கோமே. வந்தவாளை வெச்சுண்டு அவர் சமாளிச்சுப்பார்" என்றாள் வாலாம்பாள். ராஜம் தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளிக் கீழே வைத்து நமஸ்காரம் செய்தாள்.

சாப்பாடு முடிந்து மலைக்குப் பின்னால் கிராமத்துக்கு இறங்கினார்கள். அறுத்த வயல், கிணறு, வேலியில் படர்ந்த அவரை. மீன் காயும் இடம் வந்ததும் ராஜம் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். கிணற்றடியில் கத்திரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைக் கண்டதும் தலைப்பு இறங்கிவிட்டது. அவளும் கச்சம் வைத்துத்தான் கட்டியிருந்தாள். ராஜத்தின் மடிசாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அவள் ஏதோ கேட்க, ராஜம் தமிழிலேயே பதில் சொல்ல, இரண்டு பேரும் பாத்தியில் உட்கார்ந்து இலைப் புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாலு நாளில் முதல்முறையாக ராஜத்தின் முகம் தெளிந்திருந்தது. வாலாம்பாளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது பார்த்து வேங்கடசுப்ரமணியன் கடிகாரத்தை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி படகு ஏறணும். இல்லேன்னா ஆறு மணி கழிச்சு."

இப்போது ராஜத்தை எழுப்பினால் எல்லாம் கெட்டது. வாலாம்பாள் ஒரு கணம்தான் யோசித்தாள்.

"அத்திம்பேர், பரஸ்தானம் வெச்சுட்டா ஆச்சு."

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், தங்கள் சாமான் ஒன்றை அந்த நேரத்தில் வேறிடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு, பிறகு எப்போது புறப்பட்டாலும் தோஷமில்லை. சந்திரமௌலி ராஜத்தின் கூஜாவை எடுத்துக்கொண்டு போய், நாலரைக்கு முன்னால் படகில் வைத்துவிட்டு வந்தார்.

"ஆச்சு. நாம கிளம்பியாச்சு. இனிமே ஆற அமரப் போலாம்" என்றாள் வாலாம்பாள். ராகுவுக்கு வழி பண்ணியவள் கடலை மறந்துவிட்டாள்.

அவர்கள் துறைக்கு வந்தபோது துறையருகே தண்ணீர் இல்லை. கண்ணுக்கெட்டியவரை கறுப்புச் சேறு. தரை தட்டாமலிருக்க சிராஜ் படகைத் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். நடந்து வாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறும்வரை உட்காருங்கள் என்று அங்கிருந்தே கையைக் காட்டினார். வேங்கடசுப்ரமணியன் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் போயிற்று என்று வாலாம்பாளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் கைகள் அதற்குள் புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்தன.

"வாடி. சேறுதானே? மண் எங்கன்னு கேட்டியே, இந்தா."

இறங்கி நடந்தாள். ராஜம் பின்னாலேயே இறங்கினாள். பத்தடி போவதற்குள் முழங்கால் வரை புதைந்தது.

"உன்னை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அஞ்சு வயசிலேர்ந்து நீ இப்படித்தான். எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு தலையாட்டல்."

"கத்திரிக்காய்ப் பாத்தியைவிட்டு எழுந்திருக்காதவ யாராக்கும்? அத்திம்பேர் சொன்னது காதுல விழுந்துதா நோக்கு?"

"பரஸ்தானமாம் பரஸ்தானம். கூஜா சேறு படாம ஜம்முனு படகிலே உக்காந்திருக்கு. நாந்தான் இங்க நிக்கறேன்."

"நிக்காதே, புதையும். கையைக் குடு."

"உன் கை ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ராஜம் கையைப் பிடித்துக்கொண்டாள். படகை எட்டும்வரை இரண்டு பேரும் வாயை மூடவில்லை. ஆண்கள் இருவரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

படகில் ஏறியதும் ராஜம் கால் சேற்றைக் கழுவிக்கொண்டாள். கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு பம்பாய் விளக்குகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த இரண்டு நாளும் வேலையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வாலாம்பாளும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

கிளம்புகிற அன்று காலை விக்டோரியா டெர்மினஸில் சாமானெல்லாம் ஏற்றியாயிற்று. வேங்கடசுப்ரமணியன் பெட்டியையும் படுக்கையையும் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ராஜம், கூஜா எங்க? தண்ணி பிடிக்கணும்."

"வாலு ஆத்துல இருக்கு."

"மறந்துட்டியா?"

"மறக்கலே. விடிகாலம்பற நல்ல நாழி பாத்து, அவ சமையல் மேடையில நாந்தான் வெச்சேன். திரும்பி வரதுக்குப் பரஸ்தானம்." பிறகு கணவரைப் பார்த்து, "ஊருக்குப் போனதும் வரோம்னு எழுதிடுங்கோ" என்றாள்.

வாலாம்பாளுக்கு எந்த பாஷையிலும் வார்த்தை கிடைக்காதது அன்றைக்குத்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் இதைத்தான் சொல்ல முடிந்தது.

"புளி போட்டுத் தேச்சு வெக்கறேன்."

"நீ தொடாதே. நீ தேச்சா விளிம்பிலே புளி ஒட்டிண்டிருக்கும்."

"யாரு தேச்சா ஒட்டிண்டிருக்கும்? உங்காத்து உருளியை வந்து பாத்தவளாக்கும் நான்."

"என் உருளிக்கு என்னடி கேடு?"

வண்டி நகர்ந்தது. வாலாம்பாள் ஜன்னலை விடாமல் உருளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பிளாட்பாரம் முடியும்வரை கூட நடந்தாள்.