ஐரோப்பா கவலைப்பட்ட நாட்கள்

அயல்நாட்டுச் செய்திகளைத் தமிழாக்குகிறவனுக்குப் பெரிய அகராதி தேவையில்லை. ‘ஆழ்ந்த கவலை’, ‘நிதானம்’, ‘இரு தரப்பும்’ இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். தி. நகரில் ஒரு நாளிதழில் நான் அப்படித்தான் பிழைக்கிறேன். காலையில் காபியோடு இவற்றைப் படித்துத் தொலைக்கும் உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும்.

ஆயத்தப் பத்தி

அரபு நாடுகளில் எங்கே ஆட்சி ஆட்டம் கண்டாலும் மாலைக்குள் ஐரோப்பாவிலிருந்து ஓர் அறிக்கை வந்துவிடும். அதற்கென்று ஒரு பத்தியைக் கணினியில் தயாராக வைத்திருப்போம். நாட்டின் பெயரை மட்டும் மாற்றவேண்டும். சூடானில் சண்டை மூண்ட அன்று யாரோ மாற்ற மறந்து, லிபியா என்றே அச்சாகிவிட்டது. திருத்தம் போடலாமா என்று எங்கள் பகுதியின் பொறுப்பாளர் வரதனிடம் கேட்டேன். எதற்கும் பதறாதவர்.

“எதுக்குப்பா? லிபியாவுக்கும் இதே கவலையைத்தானே படறான்.”

ஒரு வாசகர்

அதைக் கவனித்து போன் செய்தவர் ஒரே ஒருவர். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நசீர் பாய். அவர் மகள் ஷாஹின், சென்னைக்குப் படிக்க வந்த சூடான்காரரை மணந்து கார்ட்டூமில் இருக்கிறாள். மருமகனின் அண்ணன் ஐரோப்பாவில். அங்கே போவதற்கு மருமகன் தன் பாஸ்போர்ட்டை ஒரு ஐரோப்பியத் தூதரகத்தில் கொடுத்திருந்தார். விசா வருவதற்குள் சண்டை வந்துவிட்டது.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததுமே அவர் இடைமறித்தார். “லிபியா கெடக்குது சார். இந்தச் சண்டை நிக்குமா, அத்த மட்டும் சொல்லுங்க.”

விமானம்

ஐரோப்பிய நாடுகள் விமானம் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு நசீர் பாய் ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். யாரை ஏற்றுகிறார்கள் என்று கேட்டார். அவர்கள் குடிமக்களை, தூதரக ஊழியர்களை என்றேன். தூதரகத்தைப் பூட்டிவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது.

இந்தியர்களை அழைத்துவரப் போன நம் நாட்டுக் கப்பலில் ஷாஹினுக்கு இடம் இருந்தது, கணவருக்கு இல்லை. அவரை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். பாஸ்போர்ட் இல்லாமல் அவரால் எல்லையைத் தாண்ட முடியாது.

நசீர் பாய் தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. “ஆளுங்கள வுட்டுட்டுப் போறான், சரி. பாஸ்போர்ட்ட வாட்ச்மேன்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல சார்?”

பதில்

அந்தத் தூதரகத்துக்குரிய நாட்டின் தலைநகருக்கு, செய்தியாளன் என்ற முறையில் எழுதிக் கேட்டேன். மரியாதையான பதில் வந்தது. பாதுகாப்புக் காரணங்களால் கட்டடத்துக்குள் போக இயலாது. விண்ணப்பித்தவர்கள் தங்கள் நாட்டு அரசிடம் புதிய பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாம். கார்ட்டூமில் அப்போது எந்த அலுவலகமும் திறந்திருக்கவில்லை.

போனில் நசீர் பாய்க்கு அதைத் தமிழில் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கடையில் யாரோ கண்ணாடி அறுக்கும் சத்தம் கேட்டது.

“நீங்க தமிழ்ல தப்பா எதுவும் சொல்லிடலையே சார்?”

ஷாஹினின் போன் இப்போது வருவதில்லை. நசீர் பாய் எங்கள் பேப்பரை நிறுத்தவில்லை, ஆகவே நானும் தினம் ஓர் அறிக்கையைப் பிழையில்லாமல் தமிழில் தந்துகொண்டிருக்கிறேன்.