பாலம் பார்த்த அத்தை

என் மாமியார் கடல்பாலத்தில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. எங்கள் வீட்டிலிருந்து பாலம் பத்து நிமிட நடை. பதினாறு வயதில் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள், முப்பத்தொரு வருடம் அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு நாள்கூட அதன்மேல் ஏறவில்லை. அன்று காலை ஒன்பது மணி வெயிலில் முதல் பலகையில் வலது காலை வைத்தாள். பலகை ஒரு முறை அசைந்தது. குனிந்து இடுக்கு வழியாகத் தெரிந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடந்த அந்த மரப்பாலம் இன்றைக்கு இல்லை. இப்போதுள்ள பிள்ளைகள் ஜோடியாகக் கடற்கரைப் பூங்காவுக்குப் போகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். எங்கள் காலத்தில் புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இருந்தது அந்தப் பாலம் ஒன்றுதான். கரையோரத்தில் ஆழம் பற்றாது என்று கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கொழும்பிலிருந்து வருகிறவர்களை லாஞ்சில் ஏற்றிவந்து பாலத்தில் இறக்குவார்கள். பகலெல்லாம் மூட்டையும் கூச்சலுமாகக் கிடக்கும் பாலம், சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் ஊர்க்காரர்களுக்கு வந்துவிடும். மாதா கோயிலில் தாலி கட்டியவர்களும் வருவார்கள், சிவன் கோயிலில் கட்டியவர்களும் வருவார்கள். தலை நிறையப் பூவோடு நுனிவரை நடந்துபோய், கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அதற்குப் பெயர் பாலம் பார்ப்பது. தெருவில் எந்தப் புதுப்பெண்ணைக் கண்டாலும் “பாலம் பாத்தாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவள். உலகச் சண்டை முடிந்த வருடம் எனக்குக் கல்யாணம். சண்டைக் காலத்தில் பாலத்தில் சிப்பாய்கள் காவல் நின்றதால் யாரும் நடக்கப் போகவில்லையாம். காவலை எடுத்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் நான் அந்த வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பஞ்சுக் கிட்டங்கியில் கிளார்க் வேலை. மாமனார் கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தார். சண்டைக்கு முன்னால் வருடத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவாராம். நடுவில் கப்பல் சரியாக ஓடவில்லை, ஓடினபோது இடம் கிடைக்கவில்லை. மகன் கல்யாணத்துக்குக்கூட அவரால் வர முடியவில்லை. வீட்டில் அத்தைதான் எல்லாம்.

அத்தை அதிகம் பேச மாட்டாள். சொல்ல வேண்டியதை வேலைக்கு நடுவிலே ஒரு வரியில் சொல்லிவிடுவாள். நாங்கள் பாலம் பார்க்கக் கிளம்பின அன்று அடுப்படியிலிருந்து வெளியே வந்து, மகனிடம் மட்டும் பேசினாள்.

“ஏலே, அவ கூடவே நட. முன்னால நடக்காத.”

நான் பலகையில் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று சொல்கிறாள் என நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் புருஷன் நாலடி முன்னால் போக, பெண்டாட்டி பின்னால் போவதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் தாய் சொல்லைத் தட்டாமல் என் தோளோடு தோளாக நடந்தார். எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நுனியில் கைப்பிடி கிடையாது. அங்கே நின்றபோது பாலம் முழுவதும் மெதுவாக ஆடுவது போலிருக்க, நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும்போது, “கூடவே நடந்தானா?” என்று அத்தை கேட்டாள். ஆமாம் என்றேன். “நீங்க வந்தப்ப மாமா எப்படி நடந்தாவ?” என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அத்தை கை நிற்காமல் மீனைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். கல்யாணமாகி எட்டாம் நாள் இரண்டு பேரையும் பாலம் பார்த்து வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாலத்து முகப்புக்குப் போனதும் மாமாவின் கூட்டாளிகள் நாலு பேர் எதிரே வந்திருக்கிறார்கள். புதுப்பெண்டாட்டியோடு மாட்டிக்கொண்ட வெட்கம் மாமாவுக்கு. “நீ இங்கன நில்லு, இந்தா வாரேன்” என்று சொல்லிவிட்டு அவர்களோடு பாலத்தில் நடந்து போய்விட்டார். நுனியில் கிடந்த வள்ளத்தில் அவரை ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கப்பலைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். வள்ளம் வடக்கே வேறொரு கரையில் ஒதுங்கியிருக்கிறது. அவர் அந்த வழியாகவே வீட்டுக்குப் போய்விட்டார்.

“நான் அங்கனயே நிக்கேன்” என்றாள் அத்தை. “மூட்ட தூக்குத ஆளுவ எல்லாம் பாத்துட்டுப் போறானுவ. ஊரும் புதுசு, வழியும் தெரியாது. வெளக்கு வச்ச பெறவு ஒரு மீன்காரி வந்து, யாருக்குத் தாயி நிக்கே, சாயங்காலம் புடிச்சு நிக்கியேன்னு கேட்டா. அவதான் தெரு கேட்டுக் கேட்டு வீட்டுல கொண்டாந்து விட்டா. உள்ள வந்தா ஒங்க மாமா சோறு தின்னுட்டு இருக்காவ. நீ வந்திருப்பேன்னு நெனச்சேன்னு சொன்னாவ.”

“நீங்க என்ன சொன்னிய?”

“என்னத்தச் சொல்ல. ஒண்ணும் சொல்லல.” சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

ஒன்றும் சொல்லவில்லையே தவிர, அதற்குப் பிறகு அவள் பாலத்துக்குப் போகவும் இல்லை. கொழும்புக்குப் போகிறவர்களை வழியனுப்ப வீட்டுப் பெண்கள் எல்லோரும் பாலம்வரை போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புகிற ஊர் அது. மாமா கிளம்பும்போதெல்லாம் அத்தை வாசலோடு சரி. அவருக்கு அது ஏன் என்று தெரியுமா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. மற்றபடி அவர்களுக்குள் சண்டை கிடையாது. கருப்பட்டி, சுக்கு, நார்த்தங்காய் என்று கொழும்புக்குப் போகிறவர்கள் கையில் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தனுப்புவாள்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. மாமாவின் கடிதங்களை நான் வந்த பிறகு நான்தான் வாசித்துக் காட்டினேன். பழைய கடிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. ஒரு நாள் பெட்டியைத் துடைக்கும்போது கவனித்தேன். பழைய எழுத்து வலப்பக்கம் சாய்ந்து நெருக்கமாக இருந்தது. நான் வந்த பிறகு வந்த கடிதங்களில் எழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போலிருந்தது. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடையில் வேலை அதிகம், யாரையாவது எழுதச் சொல்லியிருப்பார் என்றார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், கவலைப்படுவாள் என்றார். நானும் சொல்லவில்லை. வாசிக்கும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருடம் தை கழிந்து மாமா வருவதாகக் கடிதம் வந்தது. கடையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாக வருகிறாராம். கப்பல் வரும் நாளன்று நாங்கள் புறப்பட்டபோது அத்தையும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். நாலரை வருடத்துக்குப் பிறகு வருகிறவர். இருந்தாலும் என் வீட்டுக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. “நான் கரையிலதான் நிப்பேன்” என்று தெருவில் இறங்கும்போதே அத்தை சொல்லிவிட்டாள்.

பாலத்து முகப்பில் நல்ல கூட்டம். சோதனையெல்லாம் முடிந்து லாஞ்சில் வந்தவர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் மாமா வந்தார். நான் போட்டோவில்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு. ஒரு கையில் கைப்பெட்டி, இன்னொரு கை கைப்பிடிக் கட்டைமேல். எல்லோரும் அவரைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக வந்தார். என் வீட்டுக்காரர், “அப்பாவுக்கு வயசாயிட்டு” என்றார்.

அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவர் கால்விரல் முதலில் பலகையைத் தடவிப் பார்த்தது, பிறகுதான் பாதம் இறங்கியது. ஒரு கூலியாள் தலைச்சுமையோடு எதிரே வருவது தெரியாமல் நேரே போய் அவன்மேல் இடித்தார். பெட்டி கீழே விழுந்தது. குனிந்து இரண்டு கையாலும் பலகையைத் துழாவினார். பெட்டி அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் கிடந்தது.

“கண்ணு தெரியலலே அவியளுக்கு” என்றாள் அத்தை. சொல்லி முடிக்கும் முன்பே கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாலத்தில் ஏறிவிட்டாள். நான் முதலில் சொன்னது அந்தக் காலடியைத்தான்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். எங்களுக்கு முன் அவள் போய்ச் சேர்ந்திருந்தாள். பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, துழாவிக்கொண்டிருந்த கையைப் பிடித்தாள்.

“யாரு?” என்றார் மாமா.

“நாந்தான்.”

குரல் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு நம்ப முடியவில்லை. “பாலத்துலயா நிக்கே?” என்று கேட்டார்.

“பெறவு எங்கன நிக்கேன். நடங்க, வெயிலு ஏறுது.”

கரைவரை கையைப் பிடித்தே கூட்டிவந்தாள். மாமாவுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். “கூட்டமா இருக்கா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். “ஊரே நிக்கி” என்றாள் அத்தை. அவர் கையை இழுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். இன்னொரு கையையும் கொண்டுவந்து அவள் கைமேல் வைத்துக்கொண்டார்.

இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருடமாக மங்கி மங்கி, கடைசி ஆறு மாதம் வெறும் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. வீட்டில் பயப்படுவார்கள் என்று எழுதவில்லையாம். அன்று சாயங்காலம் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒனக்கு முன்னாலயே தெரியுமாளா?” என்று கேட்டாள். கண் விஷயம் தெரியாது, எழுத்து வேறு என்பது தெரியும் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஒன் மொவத்துல என்னமோ இருந்துச்சு, நாந்தான் கேக்காம இருந்துட்டேன். இனிமே எழுத்து மாறுனா சொல்லிரு” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

புரை முற்றட்டும், பிறகு அறுக்கலாம் என்று டாக்டர் தவணை சொன்னார். அந்த நாலைந்து மாதமும் மாமாவுக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. சாயங்காலமானால் காற்று வாங்க வேண்டும் என்பார். அத்தை கூட்டிக்கொண்டு போவாள். நுனியில் கைப்பிடி இல்லாததால் பாதிப் பாலத்தோடு நின்றுவிடுவார்கள். “இந்த வயசுல பாலம் பாக்காவ” என்று தெருவில் சிரித்தார்கள். அத்தை காதில் வாங்கவில்லை. கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், கண்ணில் பட்டதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். “ரெண்டு தோணி வருது. ஒண்ணுல பாய் கிழிஞ்சு கெடக்கு. ஒருத்தன் மேல ஏறி நின்னு என்னமோ கட்டுதான்.” அது எந்த ஊர்த் தோணியாக இருக்கும் என்று மாமா ஊகித்துச் சொல்வார். ஒன்றும் பேசாத அத்தை அப்படிப் பேசுவதைக் கேட்க நானும் சில நாள் கூடப் போவேன். அப்போது என் மகன் வயிற்றில் இருந்தான்.

அப்படி ஒரு நாள் மாமா திடீரென்று கேட்டார். “அன்னைக்கு எவ்வளவு நேரம் நின்ன?”

எந்த அன்றைக்கு என்று அத்தை கேட்கவில்லை. “வெளக்கு வச்ச பெறவும் நின்னேன்.”

“நான் வீட்டுல சோறு தின்னுட்டு இருந்தேன்” என்றார்.

“ஆமா. நான் உள்ள நுழைஞ்சதும் மோரு கேட்டிய.”

“குடுத்தியா?”

“குடுத்தேனே” என்றாள். சொல்லிவிட்டு அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மாமா சிரிக்கவில்லை. தெரியாத கண்ணால் கடல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் பார்வை வந்தது. பாட்டில் அடியை வைத்தது போல் கனமான கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட முதல் வாரமே எல்லோரும் பாலத்துக்குக் கிளம்பினோம். என் கையில் இரண்டு மாதக் குழந்தை. மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதோ அந்தக் கப்பல், இதோ இந்தக் கொடி என்று கையை நீட்டிப் பேசிக்கொண்டே, பழைய வழக்கப்படி முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். அத்தை நின்றுவிட்டாள். கூப்பிடவில்லை. கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். என் வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தார், நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

பதினைந்து இருபது அடி போன பிறகு எதையோ கேட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பினார் மாமா. ஆள் இல்லை. அப்படியே நின்றார். பெரிய கண்ணாடியோடு திரும்பிக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். கண்டதும் அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்தார். அவருடைய பழைய கூட்டாளிகளில் இரண்டு பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அத்தையிடம் கையை நீட்டினார்.

“கண்ணுதான் தெரியுதே, பெறவு எதுக்குக் கையி?” என்றாள் அத்தை.

“தெரியுது. அதான் நீட்டுதேன்.”

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்தாள். நாங்கள் அவர்களோடு போகவில்லை. குழந்தைக்கு வெயில் படுகிறது என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துவிட்டோம். அவர்கள் பாதியில் நிற்காமல் நுனிவரை போனார்கள். திரும்பி வர நேரமாயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் நான் அத்தையிடம், “நுனியில என்ன பாத்திய?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லளா, தண்ணிதான் கெடக்கு” என்றாள்.

மறுநாள் நாலு மணிக்கே தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றாள்.