கூரை பிரிக்கிறவன் நெஞ்சுக்கூடு

கப்பலூர் ஷெட் முதலாளியே, எங்களைத் தூசி தின்ன வைத்தது நீங்கதான்! பழைய கட்டடம் பிரித்துச் சாமான் விற்கும் எங்கள் வியாபாரத்தில் கதவுக்குப் பேரம் உண்டு, கம்பிக்குப் பேரம் உண்டு, நுரையீரலுக்கு மட்டும் கிடையாது. என்னைப் போல இருமிக்கொண்டே பிழைக்கிறவர்களே, கேளுங்கள்.

தார்ப்பாய்

பல வருஷத்துக்கு முந்தி, இந்த முதலாளியோட முதல் ஷெட்டைப் பிரித்தோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைத்துப் பிரித்தால் தூசி பறக்காது. தண்ணி கேட்டேன். கீழே மெஷின் துருப்பிடிக்குமாம். "மெஷினை மூடித் தொலைங்கய்யா!" என்று கத்தினேன். மெஷினுக்குத் தார்ப்பாய் வந்தது. எங்களுக்குத் தண்ணி வரவில்லை. என்னிடம் ஷீட் அறுக்கும் சிக்கந்தர் பாய் உச்சி முதல் பாதம் வரை வெள்ளையாக இறங்கி வந்தார்.

"பவுடர் போட்டாச்சுண்ணே, நிக்காஹ்தான் பாக்கி."

வாழைப்பழ வைத்தியம்

வேலை முடிந்தால் ஆளுக்கொரு வாழைப்பழம். தூசி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. வருஷக்கணக்கில் நானே தார் தாராக வாங்கிப் போட்டேன். போன மாசம் பாய் இருமிய சளியில் ரத்தம். ஆரப்பாளையத்து டாக்டரம்மாவிடம் இழுத்துப் போய், "தெனம் பழம் குடுக்குறேனே, எப்படி வரும்?" என்று எகிறினேன்.

"பழம் வயித்துக்குப் போகுது, தூசி நுரையீரலுக்குப் போகுது. ரெண்டும் உள்ள சந்திக்கிறதே இல்லைங்க."

யார் பீடிக்கு யார் நோய்

ஸ்கேனில் கட்டி, பரிசோதனையில் புற்று. "பீடி குடிக்கிறவன் நான், பாய் தொட்டதே இல்ல!" என்று சண்டைக்குப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இழை நெஞ்சுக்குள் குத்தி அங்கேயே கிடக்கும். அந்த இடம் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். இப்படியே வருஷங்கள் ஓடி, ஒரு செல் கெட்டு, அடங்காமல் பெருகும். ரொம்ப நாள் வலியே இருக்காது. தூசியோடு பீடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. நான் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டைக் குப்பையில் போட்டேன். கட்டி சின்னதாக இருப்பதால் ஆபரேஷன் செய்யலாம் என்றார். பாய் என் காதோரம் குனிந்தார்.

"இந்த டாக்டருங்களையாவது நனைச்சு அறுக்கச் சொல்லுங்கண்ணே."

அடுத்த ஷெட்

நேற்று முதலாளி போன் செய்தார்: இன்னொரு ஷெட் பிரிக்கணுமாம். தண்ணி, நல்ல மாஸ்க், ஷீட்டை உடைக்காமல் இறக்க ஆள், அதோடு பாயோட வைத்தியச் செலவும் வேணும் என்றேன்.

"இம்புட்டு வருஷமா வராத சீக்கு இப்பத்தான் வந்துச்சாக்கும்?"

இம்புட்டு வருஷம் கழிச்சு வர்றதுதான்யா அந்தச் சீக்கோட குணமே. பாயோட ஆபரேஷன் செலவைப் பாருங்க, உங்க கூரைக்கடியில உழைச்சவங்களை எல்லாம் டாக்டர்கிட்ட அனுப்புங்க, மோட்டாரைப் போட்டுத் தண்ணியைத் திறந்து விடுங்க, அதுவரைக்கும் உங்க ஷெட்டுல ஒரு போல்ட்டைக்கூட நான் கழட்ட மாட்டேன்.