அக்கா கூட்டிய கணக்கு

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து ஓர் ஆண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத, தங்கை நான் ஒருத்திதான் இருக்கிறேன். அழாமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே தோற்றுப்போனேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமயத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர் அக்கா. அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட, புதுக்கோட்டையில் தங்கி ஆசிரியைப் பயிற்சி முடித்து, எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தார். என்னை வளர்த்ததும் அவரே. கல்யாணமான ஆறாம் மாதம் அத்தான் கடை வேலைக்காக ரங்கூனுக்குக் கப்பலேறினார்.

அக்காவின் கணக்குப் பாடம் புளியங்கொட்டையில் தொடங்கும். வீட்டில் ஆளுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் எண்ணிக் கொண்டுவந்து கூட்ட வேண்டும். பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் பர்மாவில் இருந்தார்கள்.

"அவுகளுக்கும் கொட்டை உண்டா டீச்சர்?"

"ஏன் இல்லாம? தூரத்துல இருந்தா ஆளு இல்லைன்னு ஆயிருமா?"

தன் பங்குக்கு மேசையில் இரண்டு வைப்பார். "நான் ஒண்ணு, எங்க வீட்டுக்காரவுக ஒண்ணு. கூட்டுங்க பாப்போம்." வகுப்பே "ரெண்டு!" என்று கத்தும்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். காடு மலை நடந்து சிலர் எலும்பும் தோலுமாக ஊர் வந்தார்கள். அத்தான் வரவில்லை, கடிதமும் இல்லை. சண்டை ஓய்ந்தும் இல்லை. ஒருநாள் வகுப்பில் ஒரு சிறுமி ஒரு கொட்டை குறைவாகக் கொண்டுவந்தாளாம். "அப்பாவுக்குக் காரியம் பண்ணிட்டாக டீச்சர்" என்றாளாம். அன்று அக்கா பாடம் எடுக்கவில்லை.

அத்தானுக்கும் காரியம் செய்து, அக்கா பொட்டை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் உறவினர்கள். நானும்தான் சொன்னேன். "இன்னும் எத்தனை நாளைக்கு ஒன்னை நீயே ஏமாத்திக்குவ?" என்று கேட்டேன். என் நாக்கில் சனி! அக்கா கத்தவில்லை.

"போயிட்டாகன்னு கண்ணால பாத்தவுக யாராச்சும் வந்து சொல்லட்டும், கழிச்சுக்கிறேன். அதுவரைக்கும் எங்க வீட்டுல ரெண்டு பேருதான்."

கோபித்துக்கொண்டு மதுரைக்குப் போன நான், மூன்று வருடம் அந்த வாசலை மிதிக்கவில்லை. சுமங்கலியா இல்லையா என்று தெரியாமல் விசேஷ வீட்டுக்காரர்களும் அவரைக் கூப்பிடப் பயந்தார்கள். பள்ளி விட்ட பிறகும் காலி வகுப்பில் சிலேட்டுகளைத் துடைத்தபடி உட்கார்ந்திருப்பாராம். வீட்டுக்குப் போனால் பேச யார் இருந்தார்கள்?

விஷக்காய்ச்சல் என்று தந்தி வந்து நான் ஓடியபோது அவருக்கு நினைவில்லை. மறுநாள் போய்விட்டார். குளிப்பாட்டிய பெண்கள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

"பொட்டு வைக்கவா, வேணாமா, ஆத்தா?"

"வையுங்க. பூவும் வையுங்க. எங்க அத்தான் இருக்காக" என்றேன். அக்கா கேட்க ஒருநாளாவது இதைச் சொல்லியிருக்கலாம், பாவி நான்.

முகம் சுளிக்காமல் பூ வைத்த அந்தப் பெண்களுக்கும், காய்ச்சலில் கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், இடுகாட்டுப் பாதை வரை அழுதுகொண்டே வந்த பிள்ளைகளுக்கும் என் நன்றி. இம்மலரில் அத்தானுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அவருடைய விலாசம் தெரிந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.