மீன்காரன் வெளியில் நிற்கிறான்

எங்கள் குள்ளர்கள் மலைக்குள் ஒரு ஊரையே குடைந்துவிட்டார்கள். கொம்பியூட்டர் விளையாட்டுத்தான். ஆனால் எனக்கும் மச்சாளுக்கும் அதைவிட வேறு கதை கிடையாது. மச்சாள் என் புருஷனின் தங்கை; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். கந்தளாயில் வயல்காரர் ஒருவரைக் கட்டியிருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் என் பக்கத்துக் கதிரையை விட்டு எழும்பமாட்டாள். நிலத்தடியில் குசினி, கள்ளு வடிக்கும் அறை, படுக்கையறைகள்; வாசலில் அகழி, அதன்மேல் தூக்குபாலம். பாலத்தைத் தூக்கிவிட்டால் ஈ எறும்புகூட நுழையாது. ஊர் அழிந்தால் மட்டும் அழிந்ததுதான், திரும்பப் பெற வழியில்லை.

அன்று என் புருஷன் கொட்டியாரக் குடாவுக்கு வலைக்குப் போயிருந்தார். வாடைக் காற்று. காலையில் வரவேண்டிய வள்ளம் மத்தியானமாகியும் வரவில்லை, போனும் எடுபடவில்லை. நான் வாசலைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தேன். அப்போதுதான் அரக்கர் படை வந்தது. ஐயோ, திரையின் ஓரமெல்லாம் பச்சைத் தலைகள்!

“மச்சாள், பாலத்தைத் தூக்குங்கோ! கெதியாத் தூக்குங்கோ!” என்று அவள் பதறினாள்.

“பொறும். மீன்காரன் வெளியில நிக்கிறான்.”

ஆற்றங்கரையிலிருந்து ஒற்றைக் குள்ளன், தோளில் மீனோடு ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தான்.

“ஒருத்தனுக்காக ஊரையே குடுக்கப்போறீங்களோ? உங்களுக்கென்ன விசரோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வள்ளம் கடலில் நிற்கும்வரை எங்கள் தெருவில் எந்த வீட்டு முன்கதவுக்கும் தாழ்ப்பாள் விழாது. அவள் பிறந்து வளர்ந்த தெரு அது!

“வயலுக்கு வாழ்க்கைப்பட்டு எல்லாத்தையும் மறந்திட்டீரோ? ஏலாது. அவன் வரட்டும்!” என்று கத்தினேன்.

அவன் பாலத்தைக் கடந்தான். அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு அரக்கரும் ஏறினார்கள். இப்போது தூக்கினேன். பாதிப்பேர் அகழியில் விழ, மிச்சப்பேர் உள்ளே! நாய்கள் பாய்ந்தன, கோடரிக்காரர் ஓடிவந்தார்கள், நாங்கள் இரண்டுபேரும் எழும்பி நின்று “அடி! வெட்டு!” என்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். ஊர் தப்பியது. வாசல் காவல்காரர் இருவர் தப்பவில்லை. அந்தப் படுபாவி மீன்காரனோ நேரே குசினியில் மீனை வைத்துவிட்டுக் கள்ளுக் குடிக்க உட்கார்ந்தான்.

மச்சாள் பொருமிக்கொண்டிருக்கும்போதே அவர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டதாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தங்கை விடுவாளா?

“அண்ணா, ஒரு மீன்காரனுக்காக ரெண்டு காவல்காரரைச் சாகக் குடுத்திட்டா மச்சாள்!”

அவருக்கு இந்த விளையாட்டு ஒன்றும் விளங்காது. தலையைத் துவட்டிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார்.

“அவன் உள்ள வந்திட்டானோ?”

“ஓம்” என்றேன்.

“பிறகென்ன? சோத்தைப் போடும்.”